அம்மையா, வேர்க்குருவா? வகுப்பறையில் நாம் கவனிக்க வேண்டியவை

தொடக்க வகுப்புகளில் கற்பிக்கும் நமக்கு மருத்துவருக்குக்கூடக் கிடைக்காத ஒரு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ ஒரே வயதுள்ள 20, 30 குழந்தைகளை ஒரே வெளிச்சத்தில், வாரத்தில் ஐந்து நாளும் பார்க்கிறோம். நேற்றுத் துள்ளிக் குதித்தவன் இன்று புத்தகப் பையின் மேல் தலை சாய்த்துக் கிடக்கிறான் என்பது நமக்கு உடனே தெரிந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் குழந்தையை விடியற்காலையிலும் இரவிலும்தான் பார்க்கிறார்கள். கழுத்தில் நான்கு கொப்புளம், உள்ளங்கையில் புள்ளி, கன்னத்தில் தடிப்பு என்று எது வந்தாலும் முதலில் கண்ணில் படுவது பல நேரம் வகுப்பறையில்தான்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் இருக்கிறது. 2 வயதுக் குழந்தை முதல் 10 வயது மாணவர் வரை கை கழுவுவது ஒரே குழாயடியில். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடமும் எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு நான் குறித்து வைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நோய்க்குப் பெயர் சொல்வது மருத்துவரின் வேலை. பார்ப்பது, கேட்பது, உரியவரிடம் உடனே சொல்வது நம் வேலை. இந்த மூன்றையும் சரியாகச் செய்ய நமக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

நம் குழந்தைகளின் தோலில் எப்படிப் பார்ப்பது?

தோல் நோய்களைப் பற்றிய படங்களில் பெரும்பாலும் வெளிறிய தோலில் இளஞ்சிவப்புப் புள்ளிகளைக் காட்டியிருப்பார்கள். நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்தோ, ஊதா சாயலிலோ, சில நேரம் வெறும் சொரசொரப்பாகவோதான் இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் மூன்று வழிகளில் பார்க்கலாம்.

முதலாவது, சன்னலருகே பகல் வெளிச்சத்தில் தோலைச் சற்றுச் சாய்வாகப் பார்ப்பது. மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். இரண்டாவது, புறங்கையால் மெல்லத் தொடுவது. காய்ச்சல் இருக்கிறதா, தோல் மணல் ஒட்டியதுபோல் நெருடுகிறதா என்பது தெரியும். பிறகு கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நிறம் குறைந்த இடங்களைப் பார்ப்பது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் உட்புறம் ஆகியவற்றில் சிவப்பு எளிதாகத் தெரியும்.

இதையெல்லாம் மற்ற குழந்தைகள் முன்னால் செய்யக் கூடாது. "வாப்பா, இந்தச் சாக்பீஸ் பெட்டியை எடுத்துவர உதவி செய்" என்று தனியே அழைத்துச் சென்று பார்ப்பதே என் வழக்கம். சட்டையை நாமாகத் தூக்கிப் பார்க்காமல், கை, கழுத்து, முகம் ஆகியவற்றைப் பார்த்தாலே போதும். மற்றதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

'அம்மை' என்னும் பொதுப் பெயர்

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, புட்டாளம்மை என்று நம் ஊர்களில் பல நோய்களுக்கு ஒரே குடும்பப் பெயர். இவற்றுள் பெரியம்மை இன்று இல்லை. இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. எஞ்சியவை வெவ்வேறு வைரசுகளால் வருபவை. ஒன்றுக்கான எதிர்ப்பாற்றல் மற்றொன்றுக்கு உதவாது. "இவனுக்குப் போன வருசமே அம்மை போட்டுடுச்சு டீச்சர், இனிமே வராது" என்று பெற்றோர் சொன்னால், எந்த அம்மை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சின்னம்மை: முதல் நாள் சோர்வும் லேசான காய்ச்சலும் இருக்கும். பிறகு மார்பு, முதுகு, முகம், தலைமுடிக்குள் என்று சிறு பருக்கள் தோன்றும். சில மணி நேரத்தில் அவை நீர்த்துளி வைத்ததுபோன்ற கொப்புளங்களாகும், பிறகு வற்றிப் பொருக்காகும். ஒரே நேரத்தில் பரு, கொப்புளம், பொருக்கு மூன்றும் கலந்திருப்பது இதன் முக்கிய அடையாளம். அரிப்பு கடுமையாக இருக்கும். கொப்புளம் தோன்றுவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை தொற்றிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அக்கி வந்திருக்கிறதா என்றும் கேட்பது நல்லது. சின்னம்மை குணமான பிறகும் அதன் வைரசு நரம்புகளில் உறங்கிக் கிடக்கும். முதுமையிலோ உடல் நலிந்திருக்கும்போதோ அது விழித்து எழுவதுதான் அக்கி. இடுப்பைச் சுற்றியோ மார்பின் ஒரு பக்கத்திலோ எரிச்சலோடு வரும் அந்தக் கொப்புளங்களின் நீரிலும் அதே வைரசு இருக்கிறது. தாத்தாவின் மடியில் உறங்கும் பேரனுக்கு அதிலிருந்து சின்னம்மை வரலாம். காவி பூசி அக்கி எழுதும் வழக்கம் உள்ள ஊர்களில் பெற்றோருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருப்பதில்லை.

தட்டம்மை: இதையே மணல்வாரி என்றும் சொல்வார்கள். 3 அல்லது 4 நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள் ஆகியவை முதலில் வரும். அதன் பிறகே காதுக்குப் பின்புறமும் நெற்றி ஓரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். நீர்க்கொப்புளம் இராது. மறையும்போது தோல் கருத்துத் தவிடுபோல் உதிரும். வைரசு நோய்களில் மிக வேகமாகப் பரவுபவற்றுள் இதுவும் ஒன்று. எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் 9 பேருக்கு வரக்கூடும். நோயாளி வெளியேறிய பின்னும் அறைக்காற்றில் 2 மணி நேரம் வரை வைரசு தங்கும். நிமோனியா, மூளைக்காய்ச்சல், பார்வைக் குறைபாடு ஆகியவை இதனால் வரலாம். எனவே தட்டம்மைக் குழந்தையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். வைட்டமின் ஏ உள்ளிட்ட சிகிச்சை அங்கே கிடைக்கும்.

ரூபெல்லா: தட்டம்மையைவிட லேசானது, சில நாளில் போய்விடும். ஆனால் கருவுற்ற முதல் 3 மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும். இத்தொடர்பை 1941இல் முதலில் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையோடு பல குழந்தைகள் வருவதைக் கவனித்து, தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டு அவர் இதைக் கண்டறிந்தார். 2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். 15 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் போடப்பட்டதன் காரணம் இதுதான். இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு தவணை என்று இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

கை, கால், வாய் நோய்: 5 வயதுக்குட்பட்டவர்களுக்கே அதிகம் வரும். அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் அடிக்கடி காண்கிறோம். காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் வாய்க்குள் புண்கள், உள்ளங்கை, உள்ளங்கால், சில நேரம் புட்டம், முழங்கால் ஆகியவற்றில் கொப்புளங்கள் தோன்றும். சாப்பாட்டைக் கண்டதும் அழும் குழந்தையின் வாயைப் பார்க்க வேண்டும். 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் குழந்தைகளிடம் பரவிய காய்ச்சலைத் 'தக்காளிக் காய்ச்சல்' என்று செய்திகள் சொன்னபோது, தக்காளி சாப்பிட்டால் வருமா என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். கொப்புளங்கள் சிவந்து உருண்டிருந்ததால் வந்த பெயர் அது. தக்காளிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. இந்நோய் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே குணமாகும். சில வாரங்களுக்குப் பின் விரல் நகங்கள் கழன்று விழலாம். அஞ்ச வேண்டாம், மீண்டும் முளைக்கும். குணமான பிறகும் பல வாரம் மலத்தில் வைரசு வெளியேறும் என்பதால் கை கழுவுதலே இதற்குக் காவல். இந்த வகை வைரசிடம் கைகளுக்கான கிருமிநாசினித் திரவம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும்.

வேறு இரண்டையும் அறிந்திருக்கலாம். 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்கு 3 முதல் 5 நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்ட பிறகு உடலெங்கும் புள்ளிகள் வரும். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். இது ரோசியோலா, பெரும்பாலும் தானே மறையும். பள்ளி வயதில் இரு கன்னங்களும் அறைந்ததுபோல் தடித்து, பிறகு கைகளில் வலைபோல் தடிப்பு படர்ந்தால் அது பார்வோ வைரசு நோயாக இருக்கலாம். தடிப்பு வெளியே தெரியும்போது பொதுவாகத் தொற்றும் காலம் முடிந்திருக்கும். வெளிர்ந்த தோலில் பளிச்சென்று தெரியும் இக்கன்னச் சிவப்பு நம் குழந்தைகளிடம் வெறும் உப்பலாகத் தோன்றும்.

வைரசு இல்லாமல் வருபவையும் உண்டு. கோடையில் கழுத்து, முதுகு, நெற்றியில் பொடிப்பொடியாக வரும் வேர்க்குருவில் காய்ச்சல் இராது. திடீரென்று திட்டுத்திட்டாகத் தடித்து, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றினால் அது காணாக்கடி எனப்படும் ஒவ்வாமை. விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் இரவில் அதிகமாக அரித்தால் சிரங்கு. சிரங்குக்கு வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிட்டால் மீண்டும் மீண்டும் வரும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தடிப்பைப் பார்த்ததும் பெற்றோரிடம் தொலைபேசியில் நான் கேட்பவை மூன்று.

1. காய்ச்சல் எப்போது தொடங்கியது? தடிப்பு அதற்கு முன்பா, பின்பா?
2. குழந்தை தண்ணீர் குடிக்கிறதா? வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா?
3. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நீண்ட நாள் மருந்து சாப்பிடுபவரோ இருக்கிறார்களா?

முதல் இரண்டும் குழந்தைக்காக. மூன்றாவது, வீட்டாருக்காக. இக்கேள்வியின் பயனை ஒருமுறை நேரிலேயே கண்டேன். இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமை வரவில்லை. அழைத்தபோது அவனுடைய பாட்டி பேசினார்.

"ஆத்தா வந்திருக்கா டீச்சர். மூணு தண்ணி ஊத்திட்டு அனுப்புறேன்."

"சரிங்க பாட்டி. பையன் மோர், இளநீர் எல்லாம் குடிக்கிறானா?"

"குடிக்கிறான். வேப்பிலையில படுக்க வெச்சிருக்கோம்."

"வீட்டுல வேற யாரு பாட்டி இருக்காங்க?"

"சின்ன மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இது ஒன்பதாம் மாசம்."

"அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

"அவளுக்குப் போட்ட மாதிரி ஞாபகம் இல்லையே டீச்சர்."

பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்குச் சின்னம்மை தோன்றினால் பிறக்கும் குழந்தைக்கு அது உயிராபத்தாகலாம். தாயிடமிருந்து எதிர்ப்பாற்றல் வந்து சேரக் குழந்தைக்கு அவகாசம் இராது. நான் உடனே கிராம சுகாதார செவிலியரை அழைத்தேன். அவர் அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றார். மறுநாள் அப்பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதிக்க வைத்தார். உரிய சிகிச்சையும் கண்காணிப்பும் கிடைத்தன. அவருக்கு நோய் வரவில்லை, குழந்தையும் நலமாகப் பிறந்தது. நான் செய்தது ஒரு கேள்வி கேட்டதும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். நம் மாணவர்களின் வீடுகளில் அத்தையோ சித்தியோ அப்படி வந்து தங்கியிருப்பது அரிதன்று. நம்மோடு பணியாற்றும் ஆசிரியை கருவுற்றிருந்தாலும் இதே கவனம் தேவை. வகுப்பில் சின்னம்மையோ ரூபெல்லாவோ பார்வோ நோயோ இருப்பது தெரிந்தால் அன்றே அவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும் வரை காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

- எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடத்தல், வலிப்பு
- மூச்சு வாங்குதல், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல்
- தடிப்போடு உதடு, நாக்கு, முகம் வீங்குதல்
- கழுத்தை வளைக்க முடியாத வலி, கடும் தலைவலி
- கை, கால் சில்லிட்டிருத்தல்
- அழுத்தினாலும் மறையாத புள்ளிகளோடு காய்ச்சல்

கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். அதன் பக்கவாட்டைப் புள்ளியின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது மங்கும். தோலுக்கடியில் இரத்தம் கசிந்த புள்ளி மங்காது. தம்ளர் இல்லையென்றால் மாணவரின் நிறமற்ற பிளாஸ்டிக் அளவுகோல் உதவும். ஆனால் குழந்தை துவண்டிருந்தால் சோதனையில் நேரம் கழிக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்குவையும் மனத்தில் வைக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் குறையும் நாளில்தான் ஆபத்து தொடங்கலாம். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று பள்ளிக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கு வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

எப்போது மீண்டும் பள்ளிக்கு வரலாம்?

- சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டிய பின்
- தட்டம்மை: தடிப்பு தோன்றி 4 நாள் முடிந்து, உடல் தேறிய பின்
- ரூபெல்லா: தடிப்பு தோன்றி 7 நாளுக்குப் பின்
- புட்டாளம்மை எனப்படும் பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கி 5 நாளுக்குப் பின்
- கை, கால், வாய் நோய்: காய்ச்சல் நின்று, வாய்ப்புண் ஆறி, கொப்புளம் வற்றிய பின்
- சிரங்கு: முதல்முறை மருந்து பூசிய மறுநாள்
- வேர்க்குரு, காணாக்கடி: விடுப்புத் தேவையில்லை

எங்கள் பள்ளியில் ஒரு 40 பக்க நோட்டில் பெயர், வகுப்பு, முதல் அறிகுறி தெரிந்த நாள், மீண்டும் வந்த நாள் ஆகிய நான்கை மட்டும் எழுதுகிறோம். இந்தத் தேதிகளே பல செய்திகளைச் சொல்லும். சின்னம்மை தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். முதல் மாணவனுக்குப் பின் ஏறக்குறைய இரண்டு வாரம் அமைதியாக இருந்து, பிறகு மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் வந்தால் வகுப்பில் பரவியிருக்கிறது என்று பொருள். கை, கால், வாய் நோய் 3 முதல் 6 நாளிலேயே அடுத்தவரிடம் தெரியும். ஒரே வகுப்பில் இரண்டாவது குழந்தைக்குத் தடிப்பு வந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்துவிடுகிறோம். தட்டம்மை என்று ஐயம் வந்தால் முதல் குழந்தையிலேயே தெரிவிக்க வேண்டும்.

வீட்டாரிடம் எப்படிப் பேசுவது?

அம்மையை அம்மனின் வருகையாகக் கருதும் வீடுகளில் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியார் வருவதில்லை, குழந்தையும் வெளியே போவதில்லை. தனிமைப்படுத்துதல் என்று மருத்துவம் சொல்வதும் இதைத்தான். அந்த வழக்கத்தைக் குறை சொல்லாமல், அதனோடு சிலவற்றைச் சேர்த்துச் சொல்லலாம். "எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டினதும் கடைசித் தண்ணி ஊத்துங்க, மறுநாள் அனுப்புங்க" என்று சொன்னால் பாட்டிக்கும் ஏற்புடையது, மருத்துவ விதிக்கும் பொருந்தும்.

அதோடு நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லலாம். பகலில் வெதுவெதுப்பான நீரால் உடலைக் கழுவினால் கொப்புளத்தில் சீழ் பிடிப்பது குறையும் என்று விளக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அளவை மருத்துவரோ செவிலியரோ எடையைப் பார்த்துச் சொல்வார்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அம்மைக் காலத்தில் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயை உண்டாக்கலாம். "ஆத்தாவைக் கும்பிடுங்க, டாக்டரையும் ஒருமுறை காட்டிடுங்க" என்று நான் சொன்னபோது எந்த வீட்டாரும் கோபித்ததில்லை. இரவில் ஐயம் வந்தால் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வகுப்பில் ஒரு பாடவேளை

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இதை ஒரு செயல்பாடாகவே நடத்தலாம். ஒரு மாணவரின் கையில் சிறிது கோலப்பொடி தடவிவிட்டு, வழக்கம்போல் பென்சில், அட்டை, கதவு ஆகியவற்றைத் தொடச் சொல்லுங்கள். 10 நிமிடம் கழித்து நிறம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று மற்றவர்கள் தேடிப் பட்டியலிடட்டும். பிறகு தண்ணீரில் மட்டும் கழுவிய கையையும், சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவிய கையையும் ஒப்பிடட்டும். கிருமி பரவுவதைக் குழந்தைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

அதே பாடவேளையில் இன்னொன்றையும் பேச வேண்டும். அம்மை ஆறித் திரும்பும் குழந்தையின் முகத்தில் சில மாதம் தழும்பும் கரும்புள்ளியும் இருக்கும். பட்டப்பெயர் வைப்பார்கள், பக்கத்தில் உட்கார மறுப்பார்கள். பொருக்குத் தட்டிய பின் அது யாருக்கும் ஒட்டாது என்பதை அக்குழந்தை வருவதற்கு முந்தைய நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். வரும் நாளில் அதன் வழக்கமான இடத்தை, வழக்கமான நண்பர்களுக்கிடையே வைத்திருங்கள். விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுக்க இரண்டு தோழர்களை முன்பே தேர்ந்துவிடுங்கள்.

செலவில்லாத இரண்டு வேலைகளை இந்த வாரமே முடித்துவிடலாம். ஒரு நோட்டுக்கு நான்கு பத்தி கோடு போடுங்கள். அதன் உள் அட்டையில் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டுங்கள்.